லோஹகட் ஏறிப் பவனா ஏரி பார்க்க: மும்பையிலிருந்து ஒருநாள் நடை

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முலுண்டிலோ இருந்துகொண்டு, "ஒரு மலை ஏறணும், ஆனா இதுவரை ஏறினதே இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு முதல் மலையாக லோனாவாலா பக்கத்து லோஹகட்டைச் சொல்லலாம். கடல்மட்டத்திலிருந்து உச்சி 1,033 மீட்டர். நடையைத் தொடங்கும் மளவலி ரயில் நிலையமே ஏறத்தாழ 600 மீட்டரில் இருப்பதால், கால்கள் உண்மையில் ஏற வேண்டியது நானூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கயிறு வேண்டாம், கையூன்றி ஏறும் பாறையும் அநேகமாக இல்லை. கடைசிப் பகுதி முழுக்கக் கல்படி. ஆனால் நிலையத்தில் இறங்கி, கோட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப நிலையம் வந்து சேர ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர்களை அசத்துவது ஏற்றத்தைவிட இந்தத் தூரம்தான்.

இடத்தைப் பற்றி இரண்டு வரி. லோஹகட் என்றால் இரும்புக் கோட்டை. சிவாஜி 1648இல் பிடித்தார், 1665இல் புரந்தர் உடன்படிக்கையில் முகலாயரிடம் விட்டார், 1670இல் திரும்ப எடுத்தார். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் இதுவும் ஒன்று. அந்தப் பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம் செஞ்சி. செஞ்சியில் ராஜகிரி ஏறியவர்களுக்கு இங்கே படிகள் பழகிய மாதிரியே இருக்கும்.

எப்போது போவது

எல்லோரும் ஜூலையில் போகிறார்கள். மேலிருந்து பவனா அணையின் ஏரியைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் மோசமான மாதங்கள். லோனாவாலா பக்கம் ஆண்டு மழை சராசரியாக 4,000 மில்லிமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. மேகம் உச்சியிலேயே உட்கார்ந்துவிடும். மேலே போய் நின்றால் வெள்ளைத் துணி கட்டியது போல் இருக்கும், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மழையில் நனைந்து பஜ்ஜி சாப்பிட வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். மழைக்கால ஞாயிறுகளில் ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும் ஒரே படிக்கட்டில் முட்டிக்கொண்டு, நகர முடியாமல் மணிக்கணக்கில் நின்றதெல்லாம் நடந்திருக்கிறது. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாட்களில் மாவட்ட நிர்வாகம் இப்பகுதிச் சுற்றுலா இடங்களுக்குத் தடை உத்தரவு போடுவதும் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய நாள் செய்தி பார்த்துவிடுங்கள்.

செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் இறுதி வரைதான் சரியான காலம். மலை பச்சையாக இருக்கும், அணை நிறைந்திருக்கும், வானம் திறந்திருக்கும். அக்டோபரில் ஒன்றுக்கு மட்டும் கவனம் தேவை: பிற்பகலில் இடி மின்னல் வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை புல் காய்ந்து பழுப்பாகிவிடும், பார்வை தெளிவாக இருக்கும், நடப்பதற்கும் சுகம். மார்ச்சுக்குப் பிறகு கருங்கல் படி பதினொரு மணிக்கே தோசைக்கல்லாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் முதல் மலையேற்றம் வேண்டவே வேண்டாம்.

ரயில்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். மும்பை லோக்கல் கர்ஜத் வரைதான் போகும், அல்லது கோபோலி. கர்ஜத்துக்கு அப்பால் போர் காட் என்ற மலைப்பாதை ஏற்றம். 37 அடிக்கு ஓர் அடி உயரும் பாதை அது. பின்னாலிருந்து தள்ள கர்ஜத்தில் கூடுதல் எஞ்சின் மாட்டித்தான் எக்ஸ்பிரஸ் வண்டிகளையே ஏற்றுகிறார்கள். கர்ஜத் லோக்கலில் போய் இறங்கி "அடுத்த லோக்கல் எப்போ?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் சிரிப்பார்.

எனவே எக்ஸ்பிரஸ்தான். சிஎஸ்எம்டியிலிருந்து காலை ஆறு மணிக்கு முன் கிளம்பும் இந்திராயணி எக்ஸ்பிரஸ் இந்த நடைக்குச் சரியான வண்டி. தாதர், தாணே நிலையங்களிலும் ஏறிக்கொள்ளலாம். எட்டு மணி வாக்கில் லோனாவாலாவில் இறக்கிவிடும். முன்பதிவில்லாத டிக்கெட்டை லோனாவாலா வரை எடுங்கள். அங்கே இறங்கி, புனே லோக்கலுக்கு மளவலி வரை தனி டிக்கெட். மளவலி அடுத்த நிலையம்தான், பத்து நிமிடம்கூட ஆகாது. எக்ஸ்பிரஸ் வண்டிகள் மளவலியில் நிற்பதில்லை என்பதால் இந்த மாற்றம் தவிர்க்க முடியாதது.

லோனாவாலா–புனே லோக்கல் நம் ஊர் லோக்கல் மாதிரி நாலு நிமிடத்துக்கு ஒன்று வராது. காலையில் ஓரளவு அடுத்தடுத்து இருக்கும், முற்பகலிலிருந்து பிற்பகல் வரை நீண்ட இடைவெளி விழும். தாமதமாக எழுந்து அடுத்த வண்டி பிடித்துப் போகலாம் என்றால், லோனாவாலா பிளாட்பாரத்தில் சிக்கி என்கிற கடலைமிட்டாய் சாப்பிட்டே பொழுது போகும். மழைக்காலத்தில் போர் காட்டில் பாறை சரிந்து வண்டிகள் ரத்தாவதும் வழக்கம். முந்தைய இரவே நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், பிப்ரவரிக்குப் பிறகு மூன்று. மேலே உள்ள குளங்களில் தண்ணீர் இருக்கும், பார்ப்பதற்கு மட்டும். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு. வெறும் தண்ணீரையே குடித்து வியர்வையில் உப்பை இழந்தால் இறங்கும்போது கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும்.

காலணி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். இந்த மலை எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல். நூற்றாண்டுகளாகக் கால்கள் பட்டுத் தேய்ந்த படிகளில் மழைக்காலத்தில் பாசி படியும். அடிப்பகுதி தட்டையான ஓட்டக் காலணி, தேய்ந்த ஸ்னீக்கர், ரப்பர் செருப்பு எல்லாம் வழுக்கும். ஆழமான வரிப்பள்ளம் உள்ள காலணி போதும், விலை உயர்ந்தது வேண்டியதில்லை. புதிதாக வாங்கியதை அன்றைக்கே போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒரு வாரமாவது வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அதிலேயே நடந்து பழக்குங்கள். மழைக்காலம் என்றால் ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், தொடையை அறுக்கும். குடையும் வேண்டாம், மேலே அடிக்கும் காற்றில் அது தலைகீழாகிவிடும். மழைக்கோட்டு நல்லது.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், எண்ணெய்விட்டு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும், பால் கூடுதலாகச் சேர்த்துப் பிசைந்தால் தாங்கும். எதுவானாலும் கையில் பிடித்தபடி நடக்காதீர்கள். குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பையின் சத்தம் நன்றாகத் தெரியும். பையின் உள்ளே வைத்து, ஜிப் மூடி, மேலே நிற்காமல் கீழே லோஹகட்வாடி கிராமத்துக்கு வந்து சாப்பிடுவது நிம்மதி. இதோடு ஒரு மாற்று டீ-சர்ட், இரண்டு ஜோடி காலுறை, சின்ன டார்ச், சில்லறைப் பணம்.

மளவலியிலிருந்து மேலே

நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் பாஜே கிராமத்துக்கான சாலை. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேக்கு மேலே பாலம் ஒன்று தாண்டுவீர்கள், அதுதான் சரியான வழியில் போகிறீர்கள் என்பதற்கு அடையாளம். அரைமணி நேரத்தில் பாஜே. தேநீர், வடாபாவ், கழிப்பறை எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பாஜேயிலிருந்து சாலை மலைமேல் ஏறத் தொடங்கும். சாலையை வெட்டிக்கொண்டு மேலே போகும் குறுக்குத் தடங்கள் நிறைய உண்டு. முதல் தடவை வருகிறவர்கள் சாலையை விடாமல் போவதே மேல். குறுக்குத் தடங்களில் சில பக்கத்துக் கோட்டை மலையான விசாபூரின் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே வழி தெரியாமல் சுற்றி, மீட்புக் குழுவுக்கு போன் செய்தவர்கள் ஆண்டுதோறும் உண்டு. சந்தேகம் வந்தால் ஊர்க்காரரிடம் "லோஹகடாச்சீ வாட் குட்லீ?" என்று கேளுங்கள். இந்தியில் கேட்டாலும் சொல்வார்கள், மராட்டியில் கேட்டால் கூடவே நாலடி வந்து காட்டுவார்கள்.

ஏற்றம் தொடங்கிய முதல் இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கும், "நமக்கு இது ஆகாது" என்று தோன்றும். உடம்பு சூடேறும் வரை எல்லோருக்கும் அப்படித்தான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றுவிட்டால் வேகம் அதிகம். பத்து நிமிடம் விரைந்து ஐந்து நிமிடம் உட்காருவதைவிட, உட்காராமல் மெதுவாக ஏறுகிறவர்தான் முதலில் சேர்வார்.

ஒன்றரை மணி நேரத்தில் காய்முக் கிண்டை எட்டுவீர்கள். கிண்ட் என்றால் கணவாய். ஒருபுறம் லோஹகட், மறுபுறம் விசாபூர், இரண்டையும் இணைக்கும் கழுத்து இது. இங்கேதான் இரண்டாவது பெரிய தவறு நடக்கும். விசாபூர் 1,084 மீட்டர், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். "ரெண்டையும் பார்த்துட்டா என்ன?" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். ஒரே நாளில் இரண்டும் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது முதல் மலை கிடையாது. விசாபூரின் தடம் காட்டுக்குள்ளும் உருண்டைப் பாறைகளுக்கு இடையிலும் போவது, மழையில் அதன் படிகளிலேயே நீர் அருவியாக ஓடும். இரண்டையும் வைத்துக்கொண்டால் லோஹகட்டின் நுனிவரை போக நேரமிருக்காது, ஏரி முழுதாகத் தெரிவதோ அந்த நுனியில். விசாபூரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் லோஹகட்வாடி. வீட்டுத் திண்ணைகளிலேயே சாப்பாட்டுக் கடைகள். ஏறுவதற்கு முன் ஒரு வீட்டில் பிட்லே பாக்ரி சொல்லிவைத்துவிட்டுப் போனால், இறங்கி வரும்போது சூடாகக் கிடைக்கும். பிட்லே என்பது கடலைமாவில் காரமாகக் கிண்டியது, பாக்ரி சோள ரொட்டி. எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் மளவலியிலிருந்தோ லோனாவாலாவிலிருந்தோ ஆட்டோவில் நேரே வாடிக்கு வந்துவிடலாம். இரண்டு மணி நேர நடை மிச்சம். கட்டணத்தை ஏறும் முன்பே பேசி முடியுங்கள், திரும்புவதற்கும் சேர்த்து.

நான்கு வாசல்களும் தேள் கொடுக்கும்

வாடியிலிருந்து படிகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் நுழைவுச் சீட்டு உண்டு, இரவு தங்க அனுமதி இல்லை. கணேஷ், நாராயண், ஹனுமான், மகா என்று நான்கு வாசல்கள் வரிசையாக வரும். பாதை பாம்புபோல் வளைந்து போகும். தாக்க வருகிறவனுக்கு அடுத்த வாசல் கண்ணில் படக்கூடாது, அவன் தலைமேல் மட்டும் கல் விழ வேண்டும் என்ற கணக்கு. படிகள் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று ஆறங்குலம் என்றால் அடுத்தது ஓரடி. பாதத்தை முழுதாகப் படியில் வைத்து ஏறுங்கள், நுனிக்காலில் ஏறினால் கெண்டைச்சதை சீக்கிரம் களைக்கும். மகா வாசல் சேர நாற்பது நிமிடம் போதும்.

பலர் இந்த வாசலில் படம் எடுத்துவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோட்டையின் மேல்தளம் பரந்த புல்வெளி, அதில் தடம் ஒரு வட்டமாகச் சுற்றி வரும். முதலில் மேற்கு நோக்கிப் போங்கள். அங்கேதான் மலையிலிருந்து ஒரு மெல்லிய முகடு தனியாக நீண்டு கிடக்கிறது, இரண்டு பக்கமும் மதில் கட்டிய முகடு. பெயர் விஞ்சூ காட்டா, தேள் கொடுக்கு. மகா வாசலிலிருந்து நுனி வரை அரை மணி நேரம்.

மேல்தளத்திலிருந்து முகட்டுக்கு இறங்கும் இடத்தில் கொஞ்சம் பாறை இருக்கிறது. இந்த நடையிலேயே கை ஊன்ற வேண்டிய ஒரே இடம் அது. முகத்தைப் பாறைப்பக்கம் திருப்பி, மூன்று இடங்களில் பிடிமானம் இருக்கும்போது நான்காவதை நகர்த்துங்கள். செல்போன் பைக்குள் இருக்கட்டும். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தாலோ, ஆளைத் தள்ளும் காற்று இருந்தாலோ இறங்காதீர்கள், மேலிருந்தே பார்க்கலாம். இடி கேட்டால் யோசிக்கவே வேண்டாம், உடனே திரும்பி வாடிக்கு இறங்குங்கள். சுற்றுவட்டாரத்திலேயே உயரமாக, திறந்த வெளியில் நிற்பவர் நீங்கள்தான். வாசல் வளைவுக்கடியிலும் தனி மரத்தடியிலும் ஒதுங்குவது ஆபத்து. உடைந்த மதில்மேல் ஏறி நிற்பதும் கூடாது. சுண்ணாம்புச் சாந்து கரைந்து, கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கின்றன.

முகட்டிலிருந்து தெற்கே பாருங்கள். பவனா அணையின் நீர் விரல் விரலாக மலைகளுக்கிடையே புகுந்து கிடக்கும். கரையில் கூம்பு மாதிரி கூராக நிற்பது துங் கோட்டை, முக்கோணமாக இருப்பது திகோனா. பெயரே முக்கோணம் என்றுதான். பின்னால் திரும்பினால் தட்டையான விசாபூர். தெளிவான நாளில் முற்பகல் வெளிச்சம் நல்லது, நண்பகல் தாண்டினால் நீர்ப்பரப்பில் கூச்சம் ஏறிவிடும். ஏரி பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், இங்கிருந்து நடந்து இறங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

திரும்பும்போது வந்த தடத்திலேயே வராமல் மறு ஓரமாக வாருங்கள். பேஷ்வாக்களின் அமைச்சர் நானா ஃபட்னவிஸ் காலத்துக் கல் கட்டிய குளம், லட்சுமி கோட்டி என்ற குடைவறை, சிவன் கோயில், தர்கா எல்லாம் பார்த்துக்கொண்டே மகா வாசலுக்கு வந்து சேர்ந்தால் சுற்று முடியும். எங்கே நின்றுகொண்டிருந்தாலும் பிற்பகல் இரண்டேகாலுக்கு வாசலை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். இந்த நேரத்தைக் காலையிலேயே குழுவில் எல்லோருக்கும் சொல்லிவைத்துவிடுங்கள், மேலே போனபின் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இறக்கம்

அடிபடுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். கால் களைத்திருக்கும், கவனம் பேச்சில் இருக்கும். உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை லேசாக மடக்கி, படியில் குறுக்காக இறங்கினால் மூட்டில் அதிர்ச்சி குறையும். ஓடி இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள், சுவர்ப்பக்கமாக. கால் பிசகினால் காலணியைக் கழற்றாதீர்கள், வீங்கிவிட்டால் மறுபடி போட முடியாது. நாடாவை இறுக்கிக் கட்டி வாடிவரை மெல்ல இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. நடக்கவே முடியாவிட்டால் 112க்கு அழையுங்கள். லோனாவாலாவில் சிவதுர்க் மித்ரா என்ற அனுபவமுள்ள மீட்புக் குழுவும் இருக்கிறது. இருக்கும் இடத்தை வாசல் பெயர் வைத்துச் சொன்னால் வேகமாக வருவார்கள்.

வாடியில் சாப்பிட்டுவிட்டு மூன்றேகாலுக்குக் கிளம்பினால் நான்கரை, நாலேமுக்காலுக்கு பாஜே. நான்கரைக்குள் வந்துவிட்டால் மட்டும் படியேறிப் பாஜே குகைகளைப் பாருங்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொடங்கிய 22 பௌத்தக் குடைவரைகள். மரக்கட்டிடத்தை அப்படியே கல்லில் செதுக்கியதால், பெரிய சைத்தியத்தின் தூண்கள் உள்பக்கம் சாய்ந்திருக்கும். தாமதமாகிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், ரயில் முக்கியம்.

மளவலியிலிருந்து லோனாவாலாவுக்கு மாலை ஆறு மணி வாக்கிலான லோக்கலைக் குறிவையுங்கள். காலையில் வந்த அதே இந்திராயணி மாலையில் புனேயிலிருந்து திரும்பும், லோனாவாலாவுக்கு ஏழரை வாக்கில் வரும். ஞாயிறு மாலை என்றால் முன்பதிவில்லாப் பெட்டிகளில் உட்கார இடம் கிடைப்பது அரிது. முன்கூட்டியே திரும்பும் பயணத்துக்கு மட்டுமாவது இருக்கை பதிவு செய்துவிட்டால், தாதர் வரை நின்றுகொண்டே வர வேண்டியிருக்காது. இடையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் லோனாவாலா பிளாட்பாரத்தில் காலுறையையும் டீ-சர்ட்டையும் மாற்றிக்கொண்டு, சிக்கி வாங்கி முடித்துவிடலாம்.